பிறந்த மண்ணா, பெற்ற உரிமையா?

(இண்டூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

அயல்மண்ணில் பிறந்த ஒருவர் ஒரு நாட்டின் தலைவராக வரலாகுமா என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். உழவும் கூலியுமாக உழைத்து வாழும் நமக்கு இவ்வினா எதற்கெனச் சிலர் எண்ணக்கூடும். ஆனால், இது நம் மாவட்டத்தையே தொடும் வினா. ஆகலின் பேச ஒப்பினேன்.

முதற்கண் சட்டங்கள் கூறுவதைப் பார்ப்போம். பிறப்பாலேயே குடியுரிமை உடையவர்தாம் தலைவராகலாம் என்பது அமெரிக்க நாட்டின் சட்டம். சென்னையில் பிறந்து அங்குச் சென்ற சியாமளா அப்பொறுப்புக்குப் போட்டியிட்டிருக்க இயலாது. ஓக்லாந்து நகரில் 1964-இல் பிறந்த அவர்தம் மகள் கமலா 2024-இல் போட்டியிட்டார். தாய்க்கு மூடிய கதவு மகளுக்குத் திறந்தது.

சிங்கப்பூரோ குடியுரிமையையும் 45 அகவையையும் பிற தகுதிகளையும் கேட்கின்றது. பிறந்த ஊரைக் கேட்பதில்லை. இன்று மலேசியாவில் உள்ள மலாக்காவில் 1923-இல் பிறந்த தேவன் நாயர், 1981-இல் சிங்கப்பூரின் குடியரசுத்தலைவரானார். 1999 முதல் 2011 வரை தமிழரான நாதன் அப்பொறுப்பில் இருந்தார். ஈழத்தமிழ் வழிவந்த தருமன் சண்முகரத்தினம் 2023-இல் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட ஒப்போலைகளைப் பெற்று அவ்விருக்கையில் அமர்ந்தார்.

இந்திய அரசியலமைப்பின் 58-ஆம் பிரிவு என்ன சொல்கின்றது? குடியரசுத்தலைவராக வருபவர் இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும்; 35 அகவை நிரம்பியிருத்தல் வேண்டும்; மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் தகுதி வேண்டும். இந்த மண்ணில்தான் பிறந்திருக்க வேண்டும் என்று அது சொல்லவேயில்லை! அயல்நாட்டில் பிறந்து இங்குக் குடியுரிமை பெற்றவரும் அவ்விருக்கைக்கு உரியவரே.

ஆகவே தோழர்களே, பூட்டு தலைமையின் வாயிலில் இல்லை. குடியுரிமையின் வாயிலில் தொங்குகின்றது. அந்தப் பூட்டு எவர்மீது விழுந்துள்ளது?

1983-க்குப் பின் சிங்கள வெறியாட்டத்திற்குத் தப்பி, கடல் கடந்து வந்த நம் உடன்பிறப்புகள் தமிழகமெங்கும் முகாம்களில் வாழ்கின்றனர். நம் தருமபுரி மாவட்டத்திலும் அணைக்கட்டுகளை அடுத்து அவர்தம் முகாம்கள் உள்ளன. அங்கே பிறந்த பிள்ளைகள் நம் பள்ளிகளில் படித்தனர். நம் மண்ணன்றி வேறு மண்ணை அறியார். எனினும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் அயலார்! 1987 சூலை முதல் நாளுக்குப் பின் பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராக இருத்தல் வேண்டும். 2004 திசம்பருக்குப் பின் அவ்விதி மேலும் இறுகியது. 2019-இல் வந்த திருத்தச் சட்டம் பாக்கித்தான், வங்காளதேயம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாட்டாருள் சிலர்க்கு வழிவிட்டது. ஈழத்தமிழரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

சிங்கப்பூரில் ஈழவழித் தமிழர் நாட்டின் தலைவர். இங்கோ ஈழத்தமிழ்ப் பிள்ளை ஓர் ஒப்போலைக்கும் உரிமையற்றவர். இஃது எத்துணைக் கொடுமை!

ஆனால் சோர்ந்துவிட வேண்டா. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் வழக்காடினார். அந்நாளையச் சட்டப்படி அவர் பிறப்பாலேயே இந்தியர் எனக் கொண்டு, கடவுச்சீட்டு வழங்குமாறு 2022-இல் சென்னை உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. 2024-இல் அவர் தம் முதல் ஒப்போலையை அளித்தார். சட்டப்படி அவர் இந்நாட்டின் தலைவராகவும் வரலாம்!

இளைஞர்களே! கைதட்டிக் கலைவது போதாது. முகாம்களுக்குச் செல்லுங்கள். 1987 சூலைக்கு முன் இங்குப் பிறந்தவர் எவரெவர் எனக் கேட்டறியுங்கள். அவர்தம் பிறப்புச் சான்றுகளைத் தேடியெடுக்கத் துணைநில்லுங்கள். அதன்பின் பிறந்தோர்க்காகச் சட்டத்தைத் திருத்துமாறு நம் நாடாளுமன்ற உறுப்பினர்களை ஊர்தோறும் வினவுங்கள்.

எவர் தலைவராகலாம் என்பது பிறகு. எவர் குடிமகன் என்பதை முதலில் முடிவு செய்வோம்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உரிமை!