வீட்டைப் பார்க்க வரும் முன்

மேல்விஷாரத்தில் டேனரி வேலைக்கும், அப்துல் ஹக்கீம் கல்லூரிப் படிப்புக்கும் வந்து வாடகைக்குக் குடியிருப்பவர்கள் பலர். அப்படி ஒரு வீட்டில் பிள்ளைகள் பூனை வளர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்குச் செய்தி எட்டுகிறது. மதிய நேரம். பிள்ளைகளின் அம்மா மட்டும் தனியாக இருக்கிறார். கையிலிருக்கும் மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து வீட்டுக்காரர் உள்ளே வந்துவிடுகிறார். வீடு அவருடையதுதான். ஆனாலும் இது சரியல்ல.

தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019-இல் நடைமுறைக்கு வந்தது. வீட்டைப் பார்க்க வருவதென்றால் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. ஏன் வருகிறார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். மறுபடி சொல்கிறேன்: ஒரு நாள் முன்பே, எழுத்தில்.

வீட்டுக்காரர் கவலையும் நியாயமானதே. கதவைப் பூனை பிறாண்டினால் செலவு அவருக்குத்தானே? அதனால் பூனை, நாய், கோழி எதுவானாலும், வளர்க்கலாமா கூடாதா என்பதைக் குடிவரும்போதே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சேதமானால் யார் சரிசெய்வது என்பதையும் எழுதுங்கள். வாய்ப்பேச்சு போதாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வதும் அதே சட்டம்தான்.

இன்னொன்று. கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவது அறவே கூடாது. நிறுத்தினால், குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.