கடையின் பெயரும் பிள்ளையின் பெயரும்: சமூக வலைத்தளங்களும் புலம்பெயர் தமிழர் தொழில்வாழ்வும்

(கனடாவாழ் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமாக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1983 ஆம் ஆண்டு யூலைப் படுகொலைகளின் பின்னர் ரொறன்ரோ பெரும்பாகத்தில் வந்து குடியேறிய ஈழத்தமிழர்கள், இரவு பகலாக உழைத்துச் சேர்த்த பணத்தில் பலசரக்குக் கடைகளையும் உணவகங்களையும் புடவைக் கடைகளையும் தொடங்கிய காலத்தில், விளம்பரம் என்பது தாளிலும் வாய்மொழியிலும் நடைபெற்ற ஒன்றாகவே இருந்தது. கடை வாசலில் அடுக்கப்பட்ட இலவச வாரப் பத்திரிகை, வர்த்தகக் கையேடு, தமிழ் வானொலி அறிவித்தல், கோயில் திருவிழா மலரில் ஒரு பக்கம் என்பனவே வழிகள். இவற்றுக்கு மேலாக, ஆண்டிறுதியில் கடைக்கு வருவோருக்கு முருகன் படம் பொறித்த நாட்காட்டி ஒன்று வழங்கப்பட்டது. அது ஆண்டு முழுவதும் குசினிச் சுவரில் தொங்கியபடி கடையின் தொலைபேசி இலக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு நிகரான விளம்பரம் இன்னும் வரவில்லை என்று மூத்த வர்த்தகர்கள் கூறுவதில் உண்மை இல்லாமலில்லை.

பல்கலைக்கழக மாணவர்களுக்கென 2004 இல் தொடங்கப்பட்ட முகநூல், 2006 செப்டெம்பரில் 13 வயதுக்கு மேற்பட்ட எவரும் இணையலாம் எனத் திறந்துவிடப்பட்டது. அடுத்த ஆண்டே வர்த்தக நிறுவனங்களுக்கான பக்கங்கள் வந்தன. பின்னர் வட்ஸ்அப், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக் என ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. வீட்டின் நிலக்கீழ் அறையில் சேலைகளை விரித்துவைத்து முகநூல் நேரலையில் விற்கும் தாய்மாரும், திருமணப் படப்பிடிப்பாளர்களும், அணிச்சல் செய்து விற்போரும், கடை வாடகை என்ற சுமையின்றித் தொழில் தொடங்க முடிந்தமை இவற்றால் விளைந்த மறுக்கமுடியாத நன்மையாகும். விலை கேட்பவரை மட்டும் ஏன் உள்பெட்டிக்கு அழைக்கிறார்கள் என்பது விளங்கவில்லை. நாட்காட்டிக் காலத்துக் கடைகளில் விலை பொருளின் மீதே ஒட்டப்பட்டிருந்தது.

இந்த மாற்றத்தில் பெரிதும் பேசப்படாத ஒன்று உண்டு. பத்திரிகை விளம்பரத்தை எழுதியவர் பத்திரிகைக்காரர். வானொலி அறிவித்தலை வாசித்தவர் அறிவிப்பாளர். முகநூற் பக்கத்தையும் ரிக்ரொக் காணொளியையும் நடத்துபவரோ பெரும்பாலும் கடைக்காரரின் மகள் அல்லது மகன். தந்தைக்கு அந்தச் செயலி புரிவதில்லை, பிள்ளைக்குப் புரிகிறது. எனவே கொத்துரொட்டி தட்டும் காணொளியை எடுப்பதும், இரவு 11 மணிக்கு வாடிக்கையாளரின் கேள்விக்குப் பதில் எழுதுவதும், கோபமாக எழுதியவரைச் சமாதானப்படுத்துவதும் பிள்ளையின் பொறுப்பாகின்றன. இது வேலை என்று வீட்டில் எவரும் எண்ணுவதில்லை. "கைபேசியோடுதானே இருக்கிறாய், இதையும் போட்டுவிடு" என்பதோடு அது முடிந்துவிடுகிறது.

ஒன்ராறியோவில் 25 பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் கடைகளுக்கும் 25 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கும் இடையில் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. 25 ஊழியர்களை எட்டிய நிறுவனங்கள், பணிநேரத்தின் பின் தொடர்பிலிருந்து விலகியிருப்பது குறித்த எழுத்துமூலக் கொள்கையை 2022 யூன் 2 இற்குள் வகுக்க வேண்டியிருந்தது. ஊழியரை மின்னணு வழியாகக் கண்காணிப்பது பற்றிய கொள்கைக்கு அதே ஆண்டு ஒக்ரோபர் 11 காலக்கெடுவாயிற்று. தமிழர் கடைகளிற் பெரும்பாலானவை அந்த எண்ணிக்கையை எட்டுவதில்லை. ஆகவே மகளின் இரவு எத்தனை மணிக்கு அவளுடையதாகிறது என்பதைச் சட்டம் கேட்கப்போவதில்லை. அதைப் பெற்றோர்தான் கேட்க வேண்டும்.

இதனிலும் பாரதூரமான விடயம் கருத்துரைகள் பற்றியது. புதிய கடை திறந்ததும், கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டு நல்லதாக நான்கு வரி எழுதும்படி பிள்ளைகளிடமும் அவர்களின் நண்பர்களிடமும் கேட்பது பலருக்குத் தவறாகவே தோன்றுவதில்லை. பெல் கனடா நிறுவனத்துக்கும் அவ்வாறு தோன்றவில்லை போலும். 2014 இல் அதன் ஊழியர் சிலர், தாம் ஊழியர் என்பதைக் குறிப்பிடாமல், நிறுவனத்தின் கைபேசிச் செயலிகளைப் புகழ்ந்து கருத்துரைகளைப் பதிவிட்டனர். அவ்வாறு பதிவிட நிறுவனமே அவர்களை ஊக்குவித்திருந்தது. கனடாவின் போட்டிப் பணியகம் இதனை விசாரித்ததன் பின்னர், 2015 ஒக்ரோபரில் 12.5 இலட்சம் டொலர் தண்டப்பணம் செலுத்த அந்நிறுவனம் இணங்கியது. சிறிய உணவகம் ஒன்றின் மீது இத்தகைய தொகை விழும் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வாடிக்கையாளர் வேடத்தில் எழுதப்பட்ட அந்தப் புகழுரையின் மேலே பிள்ளையின் பெயரும் படமும் நிற்கின்றன. நாளை கணக்காளராகவோ சட்டத்தரணியாகவோ ஆகவிருக்கும் ஒருவரின் பெயர் அது.

வர்த்தகர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு சட்டமும் உண்டு. 2014 யூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் தேவையற்ற வணிகச் செய்திகளுக்கு எதிரான கனடியச் சட்டத்தின்படி, வணிக நோக்குடன் ஒருவரின் மின்னஞ்சலுக்கோ கைபேசிக்கோ உடனடிச் செய்திக் கணக்குக்கோ செய்தி அனுப்புவதற்கு அவரின் சம்மதம் வேண்டும். பொருள் வாங்கியவரின் சம்மதம் இரண்டு ஆண்டுகளுக்கு உள்ளதாகக் கருதப்படும். அனுப்புபவர் யார் என்பதும், விலகிக்கொள்ளும் வழியும் செய்தியிலேயே இருக்க வேண்டும். நிறுவனமொன்றுக்கான உச்சத் தண்டப்பணம் ஒரு கோடி டொலர். மரணச் சடங்குக்கென உருவாக்கப்பட்ட வட்ஸ்அப் குழுவிலிருந்து இலக்கங்களை எடுத்துத் தீபாவளிக் கழிவுவிலை அறிவித்தல் அனுப்புவோர் உளர் என்பது வருந்தத்தக்கது. அது சட்டப் பிரச்சினையாவதற்கு முன்பே மரியாதைப் பிரச்சினையாகிவிடுகிறது.

இளையோர்களே, கடையை விட்டு வெளியே வேலைக்குச் செல்லும்போது நிலைமை வேறுபடுகிறது. 2015 மே மாதத்தில் ரொறன்ரோ உதைபந்தாட்டப் போட்டியொன்றின் பின்னர், பெண் செய்தியாளர் ஒருவரிடம் ஆபாச வார்த்தையைச் சொல்லிக் குறுக்கிடும் வழக்கத்தை ஒளிப்படக் கருவியின் முன்னாலேயே நியாயப்படுத்திய ஒருவரின் காணொளி இணையமெங்கும் பரவியது. அது அவருடைய விடுமுறை நேரம். ஆயினும் அவர் பணிபுரிந்த ஹைட்ரோ வன் மின்விநியோக நிறுவனம் அவரைப் பணிநீக்கம் செய்தது. பின்னர் அதே ஆண்டில், நடுத்தீர்ப்பின் வழியாக அவர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார். வேலை திரும்பக் கிடைத்தது, காணொளி மறையவில்லை.

ஐரோப்பாவில் வாழும் இளையோருக்குப் பயன்படும் வழக்கொன்றும் உண்டு. ருமேனியாவில் விற்பனைப் பொறுப்பிலிருந்த பொறியியலாளர் ஒருவர், வாடிக்கையாளருக்குப் பதிலளிப்பதற்காக முதலாளியின் வேண்டுகோளின் பேரில் யாகூ மெசஞ்சர் கணக்கொன்றை உருவாக்கினார். சகோதரனுடனும் மணம்செய்யவிருந்த பெண்ணுடனும் அவர் பேசியவற்றையும் நிறுவனம் பதிவுசெய்து, 2007 இல் அவரை வேலையிலிருந்து நீக்கியது. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2016 சனவரியில் நிறுவனத்தின் பக்கமே சாய்ந்தது. எனினும் அதன் பேரவை, 2017 செப்டெம்பர் 5 அன்று 11 இற்கு 6 என்ற பெரும்பான்மையில், அவரின் தனிவாழ்வு உரிமை காக்கப்படவில்லை எனத் தீர்ப்பளித்தது. பத்து ஆண்டுகள் சென்றன. கண்காணிப்பு உண்டா என்பதை வேலையில் சேரும் நாளிலேயே கேட்பது இதனிலும் இலகுவானது. ஒன்ராறியோவில், முன்னர் கூறப்பட்ட 25 பேர் எல்லையை எட்டிய நிறுவனம், புதிய ஊழியருக்கு அக்கொள்கையின் பிரதியை 30 நாட்களுக்குள் தரக் கடமைப்பட்டுள்ளது.

மீண்டும் கடைக்கு வருவோம். முகநூற் பக்கம் கடைக்காரரின் சொத்தல்ல, அது வாடகை கேட்காத வாடகை வீடு. 2018 சனவரியில், நிறுவனங்களின் பதிவுகளை விட நண்பர், உறவினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை அளிக்கப்படும் என முகநூல் அறிவித்தபோது, பல்லாண்டுகளாகச் சேர்த்த பின்தொடர்வோரைச் சென்றடையவே பணம் செலுத்த வேண்டிய நிலை வலுத்தது. 2021 ஒக்ரோபர் 4 அன்று முகநூல், இன்ஸ்ரகிராம், வட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் ஒன்றாக முடங்கின. கட்டளைகளை வட்ஸ்அப்பில் மட்டும் பெற்றுவந்தோருக்கு அன்று தொலைபேசி இலக்கம்கூடக் கையில் இல்லை. இணையவழிச் செய்திச் சட்டத்துக்குப் பதிலடியாக 2023 ஆகஸ்ட் முதலாம் திகதி தொடக்கம் கனடாவில் செய்திகளை மெற்றா நிறுவனம் தடுத்தபோது, தமிழ்ச் செய்தித் தளங்கள் தம் வாசகரிடம் முகநூல் வழியாகச் செல்லும் பாதையை இழந்தன. அத்தளங்களில் விளம்பரம் செய்த கடைகளையும் அது பாதித்தது. ஒட்டாவாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையிலான பிணக்கில் மார்க்கம் வீதியிலுள்ள புடவைக் கடைக்காரரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு சிறு விடயம். முகநூலில் வர்த்தகப் பக்கம் தனிநபர் ஒருவரின் கணக்கினூடாகவே நிர்வகிக்கப்படுகிறது. பல கடைகளில் அந்தத் தனிநபர் மகள். அவள் வோட்டர்லூவுக்கோ லண்டனுக்கோ படிக்கச் சென்றபின் அவளின் கணக்கு முடக்கப்பட்டால், கடையின் பக்கம் எவர் கையிலும் இராது. இரண்டாவது நிர்வாகியாகப் பெற்றோரில் ஒருவரைச் சேர்க்கச் சில நிமிடங்கள் போதும். வாடிக்கையாளரின் இலக்கங்களை அவர்களின் சம்மதத்தோடு கொப்பியொன்றில் எழுதிவைக்க ஒரு மாதம் போதும். அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் மணித்தியாலங்களைக் கடையின் சம்பளப் பட்டியலில் சேர்த்தால், வேலை விண்ணப்பத்தில் அதனை அனுபவமாகக் குறிப்பிட அவளுக்குச் சான்றும் இருக்கும்.