நீலமும் மஞ்சளும்: நிறக் கலவைக்கு விதி ஒன்றா, இரண்டா?

   

என் கட்சி என்ன என்பது இந்த அவையில் பாதிப் பேருக்குத் தெரியும். வகுப்பறையில் நாம் இரண்டு அட்டவணை போடுகிறோம். ஒளிக்கு முதன்மை நிறங்கள் சிவப்பு, பச்சை, நீலம். வண்ணப்பூச்சுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம். இரண்டையும் மனப்பாடம் செய்தால் போதும் என்பது நண்பர்கள் சிலரின் நிலை. பாடத்திட்டக் கூட்டங்களில் நான் மறுத்தபோதெல்லாம், ‘பிள்ளைகளுக்கு அவ்வளவு வேண்டாம்’ என்ற பதிலே வந்தது. என் கட்சி இதுதான்: பூச்சுக்கென்று தனி விதி கிடையாது. கண்ணுக்கு வந்து சேரும் ஒளி எது, எவ்வளவு என்ற ஒரே கணக்குத்தான் உண்டு. இதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டே நிறுவுகிறேன்.

நீலத்தையும் மஞ்சளையும் தட்டில் குழைத்தால் பச்சை வரும். தூரிகை பிடித்த குழந்தைக்கும் இது தெரியும். அதே நீலத்தையும் மஞ்சளையும் ஒரு வட்ட அட்டையில் பாதிக்குப் பாதி பூசி, உலரவிட்டு, வேகமாகச் சுழற்றுங்கள். பச்சை வராது, சாம்பலை ஒட்டிய நிறமே வரும். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் வண்ணத்தாள் வட்டுகளைச் சுழற்றி 1855-இல் இதைத்தான் காட்டினார். நீலமும் மஞ்சளும் ஒன்றையொன்று விஞ்சாத நிலையில் அவருக்குக் கிடைத்தது இளஞ்சிவப்புச் சாயல் ஓடிய ஒரு நிறம். பூச்சுக்குத் தனி விதி உண்டென்றால், ஒரே டப்பாவில் எடுத்த பூச்சு தட்டில் ஒரு விதிக்கும் அட்டையில் வேறு விதிக்கும் எப்படிக் கட்டுப்படும்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். விழும் வெள்ளொளியை நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று பகுதியாக வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. நீலப் பூச்சு நீலப் பகுதியில் நூற்றுக்கு 80, பச்சையில் 30, சிவப்பில் 10 பங்கைத் திருப்பியனுப்புகிறது. மஞ்சள் பூச்சு முறையே 5, 70, 90. அட்டை சுழலும்போது கண் இரண்டையும் மாறிமாறிப் பெற்றுச் சராசரி காண்கிறது: 42.5, 50, 50. மூன்றும் ஏறத்தாழச் சமம், ஆகவே சாம்பல். தட்டில் குழைத்த பூச்சில் ஒளி ஒரு நிறமித் துகளைக் கடந்து அடுத்ததையும் கடந்தாக வேண்டும். முதலாவது விட்டுவைத்ததில்தான் இரண்டாவது தன் பங்கை எடுக்கும். எனவே பெருக்க வேண்டும்: 4, 21, 9. பச்சை மேலோங்கி நிற்கிறது. மொத்த ஒளி எவ்வளவு குறைந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள். வண்ணங்களைச் சேர்க்கச் சேர்க்கக் கலவை கறுப்பது இதனால்தான். உண்மையான பூச்சில் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கவும் செய்யும். அதையும் சேர்த்துக் கணக்கிட 1931-இல் குபெல்காவும் முங்க்கும் சமன்பாடுகள் தந்தார்கள். அடிப்படை மாறவில்லை.

அப்படியானால் அந்தப் பச்சை, இரண்டு பூச்சும் விழுங்காமல் விட்ட மிச்சம். எந்த நீலம் என்ற கேள்வி இங்கேதான் முக்கியமாகிறது. அல்ட்ராமரீன் நீலம் பச்சை ஒளியை அதிகம் விடாது. மஞ்சளோடு சேர்ந்தால் மங்கிய பச்சையே கிடைக்கும். 1930களில் சந்தைக்கு வந்த தாலோசயனின் நீலம் பச்சையைத் தாராளமாக விடும். அதே மஞ்சளோடு பளிச்சென்ற பச்சை தரும். ‘நீலமும் மஞ்சளும் பச்சை’ என்ற அட்டவணை வரி இதைச் சொல்லித் தராது. ஓவியர்கள் கைப்பழக்கத்தில் அறிந்ததை அறிவியல் வகுப்பு மறைப்பது எனக்கு வேதனை தருகிறது.

ஒளியோடு ஒளியைச் சேர்த்தால்? நிறமாலையின் மஞ்சளையும் கருநீலத்தையும் சேர்த்து 1852-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெள்ளையைப் பெற்றார். இன்று இதற்கு ஆய்வகம் வேண்டாம். மூடி கழன்ற பழைய எல்இடி பல்பை எடுத்துப் பாருங்கள். உள்ளே மஞ்சள் பொட்டுகள் வரிசையாக இருக்கும். நீல ஒளி தரும் சில்லின்மேல் பூசிய பாஸ்பர் அது. நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. மீந்த நீலமும் அந்த மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணில் வெள்ளையாகின்றன.

நேரம் குறைவு, மற்றவற்றைத் தொட்டுச் செல்கிறேன். முதன்மை நிறங்கள் மூன்று என்பது கண்ணில் மூவகைக் கூம்புச் செல்கள் இருப்பதால் வந்தது. தாமஸ் யங் 1802-இலேயே இதை ஊகித்தார். அச்சகத்தின் சயான் மை சிவப்பை நீக்கும், மெஜந்தா பச்சையை நீக்கும், மஞ்சள் நீலத்தை நீக்கும். மூவகைச் செல்லுக்கும் ஆளுக்கொரு மை; ஆகவே அச்சு மைகளைத் தேர்ந்தெடுத்த காரணமும் கண்ணே.

இனி ஆய்வு மாணவர்கள் செய்ய வேண்டியவை. அச்சுப் படத்தில் புள்ளிகள் சில ஒன்றன்மேல் ஒன்றாகவும் சில பக்கத்தில் பக்கத்திலும் விழுகின்றன. பெருக்கலும் சராசரியும் அங்கே கலந்து வருகின்றன. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த பட்டுப் புடவையையும் இந்தக் கண்ணோட்டத்தில் அளந்து பார்க்கலாம். மூவகை உணர்வு என்ற கோட்பாட்டைச் சர் சி. வி. இராமன் 1968-இல் வெளிவந்த தம் நூலில் ஏற்க மறுத்தார்; அவர் வாதங்களைத் தமிழில் யாரேனும் நிதானமாக எடைபோட வேண்டும்.

பாடத்திட்டக் குழுவில் உள்ள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திருத்தத்தில் அந்த இரண்டு அட்டவணைகளையும் எடுத்துவிடுங்கள். ஒரு நீலம், ஒரு மஞ்சள், ஒரு சுழலட்டை, மேலே சொன்ன பெருக்கல் கணக்கு, இவற்றை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்களால் முடியும்.