எழுத்துப் பயிற்சி நிலையம்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கல்வியைக் குறித்துச் சில சொல்லுமாறு சங்கத்தார் நமக்குப் பணித்தனர். கல்வியின் பெருமையைக் கேட்டுக் கேட்டு உங்கள் செவிகள் நிறைந்திருக்கும். ஆதலின் அதனை விரித்துரையாது, கல்லூரிக்குள் நுழைந்த பிள்ளை அங்கே இடறி நிற்கும் ஓர் இடத்தை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். அவ்விடமாவது எழுத்து. பாடத்தை நன்குணர்ந்தும், வினவினால் வாயால் விடை கூறவல்லவராயிருந்தும், காகிதத்தில் எழுதப் புகுங்கால் கை ஓடாது நிற்கும் மாணாக்கர் எத்துணையர்! நாம் மாணாக்கராயிருந்த காலத்தில், எழுதிக் கொடுத்த வியாசம் சிவப்பு மை நிறைந்து திரும்பி வந்தது இன்னும் கண்ணைவிட்டு அகலவில்லை. அக்கோடுகளினால் நாம் கற்றது, அடுத்தமுறை குறைவாக எழுதினால் குறைவாகப் பிழைபடலாம் என்பதொன்றே.

இக்குறைக்குப் பரிகாரம் தேடி நெடுங்காலமாக முயன்று வருவோர் அமெரிக்க நாட்டார். அங்கே அயோவா சர்வகலாசாலையில் 1934 ஆம் ஆண்டிலேயே எழுத்துப் பயிற்சிக்கெனத் தனிக்கூடம் ஏற்பட்டது. ஆயினும் இவ்விஷயத்தின் உண்மையை உலகுக்கு உணர்த்தியது நியூயார்க் நகரில் நிகழ்ந்த ஒரு சரித்திரமாகும்.

அந்நகரத்துச் சிட்டி காலேஜ், எளியோர் மக்களுக்குச் சம்பளமின்றிக் கல்வியளிக்கும் பொருட்டு 1847 இல் தோற்றுவிக்கப்பட்டது. அஃது இருப்பதோ கறுப்பினத்தவர் நிறைந்த ஹார்லெம் பகுதியில். இருந்தும், அப்பகுதியின் பிள்ளைகளுள் அதன் வாயிலைக் கடந்தோர் மிகச் சிலரே. கறுப்பின மாணாக்கரும் போர்ட்டோ ரிக்கோ மாணாக்கரும் 1969 இல் பெருங்கிளர்ச்சி செய்தனர். அதன் பயனாக 1970 முதல், நகரத்து உயர்தரப் பள்ளியில் தேறிய எவர்க்கும் நகர சர்வகலாசாலையின் கல்லூரிகளுள் ஒன்றில் இடமுண்டு என்று ஏற்பட்டது. அவ்வாண்டு புதிதாகச் சேர்ந்தோர் சுமார் 35,000 பேர்.

கதவு திறந்தது, பின்னர் நேர்ந்தது யாது? புதியோர் எழுதிய வியாசங்களைக் கண்ட ஆசிரியர் பலர் திகைத்தனர். வரிக்கு வரி பிழை. இவர்கள் கல்லூரிக்குத் தகுதியற்றவர் என்று கூறினாரும் உளர். அப்பொழுது சிட்டி காலேஜில் எழுத்துப் பயிற்சியை நடத்தி வந்த மினா ஷானஸி என்னும் அம்மையார் வேறு வழியிற் சென்றார். மாணாக்கர் எழுதிய சுமார் 4,000 வியாசங்களைத் திரட்டி, வெறுப்பின்றிப் பொறுமையோடு ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாக 1977 இல் வெளிவந்ததே ‘எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்னும் நூல். மறு ஆண்டே அம்மையார் காலமானார்.

அவர் கண்டது யாதெனின், பிழைகள் மனம்போனபடி விழுவன அல்ல. அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. பிழை செய்வோன் மந்தபுத்தியுடையான் அல்லன், எழுத்துக்குப் புதியவன் என்பதே. நம் மொழியிலேயே ஓர் உதாரணம் காட்டுவோம். சிறு பிள்ளையொன்று ‘மரங்கள்’ என்னாது ‘மரம்கள்’ என்று எழுதுகிறது. அது பன்மை விதியை அறியாத பிள்ளையா? அன்று, ‘கள்’ சேர்த்தல் வேண்டும் என்னும் விதியை நன்கறிந்த பிள்ளை. அறியாதது, மகரம் அவ்விடத்துத் திரியும் என்னும் ஒன்றையே. பிழையென்று கோடிட்டால் பிள்ளைக்கு அச்சம் மிகும்; ஏன் அவ்வாறு எழுதினாய் என்று வினவினால் அறிவு மிகும்.

இவ்வுண்மையையே எழுத்துப் பயிற்சி நிலையங்கள் கைக்கொள்கின்றன. அங்கே ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். மாணாக்கன் தன் வியாசத்தைத் தானே உரக்க வாசிக்கிறான். வாசிக்குங்காலே தன் பிழைகளுட் பலவற்றைத் தன் செவியாலேயே அறிந்துகொள்கிறான். அருகில் இருப்பவர் எழுதுகோலைத் தம் கையில் வாங்குவதில்லை. ‘நீ சொல்லக் கருதியது யாது? இதற்கு ஆதாரம் எங்கே?’ என்று வினவுகிறார். இருபது பிழைகள் இருப்பினும், அவை மூன்று வகையுள் அடங்கும் என்று காட்டி, ஒரு வகையை மட்டும் அன்று திருத்தக் கற்பிக்கிறார். வியாசம் செம்மையாவதைக் காட்டிலும் எழுதுவோன் செம்மையாவதே நோக்கம் என்பதை ஸ்டீபன் நார்த் என்பார் 1984 இல் ஒரு கட்டுரையில் வற்புறுத்தினார்.

அருகில் இருப்பவர் ஆசிரியராகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. அதே நகரத்துப் புரூக்ளின் காலேஜில் ஆசிரியராயிருந்த கென்னத் புரூஃபி என்பார், ஆசிரியரை நாடத் தயங்கும் மாணாக்கர் தம்மையொத்த மாணாக்கரிடம் கூச்சமின்றி உதவி பெறுவதைக் கண்டு, அம்முறையைப் பரப்பினார். உதவுவோனும் அதனால் தன் எழுத்தில் தேர்ச்சியடைகிறான்.

இச்சரித்திரத்தின் பிற்பகுதி துக்ககரமானது. பணமுடையால் 1976 இல் அச்சர்வகலாசாலையில் சம்பளம் விதிக்கப்பட்டது. 1990களின் இறுதியில், பின்தங்கி வந்தோர்க்கான அடிப்படைப் பயிற்சி வகுப்புகளை நான்காண்டுக் கல்லூரிகளினின்று நீக்கத் தீர்மானித்தனர். வாயிலைத் திறப்பது ஒரு நாட் செயல். உள்ளே வந்தவனுக்கு அருகே அமர்வதோ ஆண்டுதோறும் செய்யவேண்டிய கடமை. முன்னதைச் செய்து பின்னதைக் கைவிட்டால், தோற்றவன் தன் விதியையே நொந்துகொள்வான்.

எனினும் அவர்கள் தேடிய பொருள் வீண்போகவில்லை. இண்டியானா மாகாணத்துப் பர்டியூ சர்வகலாசாலை 1976 இல் தொடங்கிய எழுத்துக்கூடம், 1994 முதல் தன் பாடங்களை இணையத்தின் வாயிலாக எந்நாட்டவர்க்கும் வழங்கி வருகிறது. கொலராடோ அரசு சர்வகலாசாலையார் 1997 இல் தொடங்கிய நிலையமொன்று, எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்க்கான நூல்களைப் பொருள் பெறாமலே அளிக்கிறது. ஆங்கிலத்தில் வியாசம் எழுத அஞ்சும் நம் பிள்ளைகளும் இவற்றால் நற்பயன் பெறலாம்.

ஆயினும் நூல்கள் அருகே வந்து அமரா. மனிதரே அமர்தல் வேண்டும். ‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழியை எழுத்து விஷயத்தில் மறந்துவிடுங்கள். சங்கத்து வாசகசாலையில் ஞாயிறுதோறும் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் ஒதுக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். பட்டம் பெற்ற இளைஞர்களே, நீங்கள் ஒரு நாற்காலியில் அமருங்கள்; தம் குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி புகுந்த தம்பியோ தங்கையோ மற்றதில் அமரட்டும். அவர்களுக்காக நீங்கள் எழுதிக் கொடாதீர்கள்; அவர்கள் வாசிக்கக் கேளுங்கள். பெற்றோர்களே, சிவப்பு மை நிறைந்த தாளைக் கொண்டுவரும் பிள்ளையைக் கடியாதீர்கள். வெற்றுத்தாள் கொடுத்தவனிடம் பிழை இராது. முயன்று எழுதியவனிடமே பிழை இருக்கும்.