அளவுகோலை அளத்தல்



பொன்னை நிறுக்குமுன் தராசின் முள்ளைப் பார்ப்பது வணிகர் மரபு. விண்ணை நிறுக்கும் தராசின் முள்ளைப் பார்ப்பது எங்ஙனம் என்பதே இவ்வுரையின் பொருள்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய 'சந்திரா' விண்நோக்கி 1999 சூலை 23இல் ஏவப்பட்டது. விண்மீன்களின் எக்ஸ்-கதிர்களைக் காற்றுமண்டலம் தடுத்துவிடுவதால், அவற்றைக் காணும் கருவி மேலே சென்றாக வேண்டும். சென்றதைத் திரும்பக் கொணர்ந்து சோதிக்க இயலாது. ஆகவே, ஏவுமுன்பே அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் நகரில், ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நீண்ட வெற்றிடக் குழாயின் ஒரு முனையில் வலிமை அறிந்த கதிரை எழுப்பி, மறுமுனையில் கருவி கூறுவதோடு மாதக்கணக்கில் ஒப்பிட்டனர்.

எனினும், ஏவிய சில வாரங்களிலேயே இடர் நேர்ந்தது. பூமியைச் சூழ்ந்த கதிர்ப்பட்டைகளைக் கடக்கையில், எக்ஸ்-கதிரைக் குவிக்கும் ஆடிகளே புரோட்டான்களையும் உணரியின்மீது செலுத்திவிட்டன. பத்துச் சிலிக்கான் சில்லுகளில், முன்புறம் கதிரேற்கும் எட்டும் ஊறுபட்டன. அவற்றில் தோன்றும் மின்னூட்டம் பதிவுமுனைக்கு நகரும் வழியில் சிறிது சிந்தியது. கதிரின் ஆற்றல் குறைவாகப் பதிந்தது. அதன்பின் அப்பட்டைகளைக் கடக்கும்போதெல்லாம் உணரியைக் குவியத்தினின்று விலக்கி வைத்தனர்.

ஒதுங்கிய அவ்வேளையும் வீணாகவில்லை. அங்கே இரும்பு-55 என்னும் கதிரியக்கப் பொருள் காத்திருந்தது. அது தரும் 5.9 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் கதிரை உணரி எவ்வளவாகக் காட்டுகிறது என நோக்கி, சிந்திய பங்கைக் கணக்கிட்டுத் திருத்தினர். ஆனால் இரும்பு-55இன் அரைவாழ்வு ஏறத்தாழ 2.7 ஆண்டுகளே. தேர்வாளரும் மூப்படைந்தார்! இதனிடையே, உணரியின் முன்னுள்ள குளிர்ந்த வடிகட்டியில் மாசு படிந்து மென்கதிர்களை மறைத்தது. விண்மீன் மங்கியதா, கண்ணில் படலம் படர்ந்ததா? இதனைத் தெளியவே, எளிதில் மாறாத வான்பொருள்களை மீண்டும் மீண்டும் நோக்கினர்.

அவ்வாறு பல கருவிகளுக்கு உரைகல்லாயிருந்தது நண்டு நெபுலா. பிறவற்றின் ஒளியை 'நண்டில் ஆயிரத்தில் இத்தனை பங்கு' என்றே குறித்தனர். அந்த உரைகல்லின் வன்கதிர் ஒளியே 2008 முதல் ஈராண்டுகளில் ஏறத்தாழ 7 விழுக்காடு குறைந்ததென 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு கருவி மட்டும் கூறியிருந்தால் கருவியையே ஐயுற்றிருப்பர். தனித்தனியே இயங்கிய பல செயற்கைக்கோள்கள் ஒத்துரைத்ததால் உலகம் ஏற்றது.

சொல்லை நிறுக்கும் கவிஞர்க்கு இது அயற்செய்தி அன்று. சுவையும் நாளடைவில் தேயும்; மாசு படியும்; போற்றிய உரைகல்லும் மாறும். தன் துலாக்கோலைத் தான் ஒருவனாகவே நின்று சோதித்தல் எவர்க்கும் அரிது. பிறர் கோலோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அவை வேண்டும். பத்தாண்டுகளாக இவ்விலக்கிய வட்டம் அந்த அவையாக விளங்குகிறது. அது நீடு வாழ்க!