நீரிலும் நிலத்திலும் செல்லும் வண்டிகள்

பச்சைமலையில் தோன்றிப் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் வழியே ஓடிக் கொள்ளிடத்தில் கலக்கும் மருதையாற்றை இப்பக்கத்து நேயர்கள் நன்கறிவார்கள். ஆண்டின் பெரும்பகுதி அது வெறும் மணற்படுகை. ஐப்பசி, கார்த்திகையில் மலையில் பெருமழை பெய்துவிட்டால் ஓரிரவில் அதன் குணம் மாறிவிடும். 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்கு அருகே இவ்வாற்றின் வெள்ளத்தில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சராயிருந்த லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார்.

இச்செய்தியை வகுப்பில் சொன்னபோது, "ஐயா, தண்ணீரிலும் போகிற வண்டி அந்தக் காலத்தில் இல்லையா?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. வண்டி இருந்தது.

அமெரிக்கர் 1942இல் ஒரு படை லாரிக்குப் படகின் உடலைப் பொருத்தினர். பாய்மரப் படகு வடிவமைப்பதில் பெயர் பெற்ற ராட் ஸ்டீபன்ஸ் என்பவர் அம்முயற்சியில் முக்கியமானவர். ஆறு சக்கரம், பின்னால் ஒரு சுழல்விசிறி, இரண்டரை டன் பாரம். தொழிற்சாலைக் குறியீட்டெழுத்துகளைச் சேர்த்து வீரர்கள் அதை 'டக்', அதாவது வாத்து, என்று அழைத்தனர். படைத்தலைவர்கள் முதலில் இதை நம்பவில்லை. அவ்வாண்டின் இறுதியில் கடும்புயலில் மணல்திட்டில் சிக்கிய காவற்படகிலிருந்து எழுவரை இவ்வண்டி மீட்டுக் கரைசேர்த்த பிறகே நம்பிக்கை பிறந்தது. 1943இல் சிசிலியிலும், அடுத்த ஆண்டு நார்மண்டியிலும், துறைமுகம் இல்லாத கரையில் கப்பலிலிருந்து சரக்கை ஏற்றி நேரே கிடங்கிற்குக் கொண்டு சேர்த்தன. இடையில் இறக்கி ஏற்றும் வேலையே இல்லை. 1953இல் ஹாலந்தைக் கடல் விழுங்கியபோது இவ்வகை வண்டிகள் குடிமக்களையும் காத்தன.

இவ்வண்டியின் நுட்பம் நீந்துவதில் இல்லை, கரையேறுவதில் இருக்கிறது. முன்சக்கரம் தரையைத் தொடும்போது பின்பக்கம் இன்னும் மிதந்துகொண்டிருக்கும். சக்கரத்தின்மேல் போதிய எடை அழுந்தாமையால் அது சேற்றில் வீணே சுழலும். மணலிலோ புதையும். ஆகவே ஓட்டுபவர் இருக்கையிலிருந்தபடியே சக்கரக் காற்றைக் குறைக்கவும் கூட்டவும் 'டக்'கில் வழி செய்திருந்தார்கள். காற்றுக் குறைந்த சக்கரம் அகன்று படிந்து மணலில் புதையாது செல்லும்.

நம் நாட்டுப் படையில் நெடுங்காலம் இருந்தது ரஷ்யாவின் பி.டி.76 என்னும் நீந்தும் டாங்கி. பதினான்கு டன் எடையுள்ள ஒன்று மிதக்க வேண்டுமாயின் பதினான்கு கனமீட்டர் நீரை விலக்க வேண்டும். ஆர்க்கிமிடீஸ் விதிக்கு ராணுவம் என்றும் பள்ளிக்கூடம் என்றும் வேறுபாடில்லை. எனவே உடல் பெரிதாகவும் கவசத் தகடு மெலிதாகவும் இருந்தாக வேண்டும். பஞ்சாபி வீரர்கள் அதற்குப் 'பிப்பா', அதாவது காலி நெய்த்தகரம், என்று பெயரிட்டது பொருத்தமே. 1971 நவம்பரில் ஆறும் சதுப்பும் மலிந்த கரீப்பூரில் 45ஆம் குதிரைப்படையினர் இந்தத் தகரங்களில் இருந்தே பாகிஸ்தானின் டாங்கிகளை முறியடித்தனர். ஆனால் அதே போரில் அகன்ற மேக்னா ஆற்றில் இவற்றின் எந்திரங்கள் சூடேறித் தொல்லை கொடுத்தன. படைவீரர் பெரும்பாலும் ஹெலிகாப்டர்களிலும் நாட்டுப் படகுகளிலுமே அக்கரை சேர்ந்தார்கள்.

நமக்கு அண்மையில், பாக் நீரிணையின் ஆழமற்ற கடலுக்கென மண்டபத்தில் கடலோரக் காவற்படையினர் காற்று மெத்தையின்மேல் செல்லும் ஹோவர்கிராப்ட்டை வைத்திருக்கின்றனர். அதற்கு மணல்திட்டும் நீரும் ஒன்றே. விலையும் பராமரிப்பும் மிகுதி.

இனி மாணவன் கேள்விக்கு விடை. அன்று விடியற்காலையில் 'டக்' ஒன்று அரியலூரில் நின்றிருந்தாலும் மருதையாற்றின் சுழிப்பில் அது பயன்பட்டிராது. நீரில் அதன் வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவே. அதைவிட விரைந்தோடும் வெள்ளம் வண்டியை இழுத்துச் சென்றிருக்கும். நீர்மட்டத்திற்கு மேல் அதன் விளிம்பும் தாழ்வு. 2018 ஜூலையில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் சுற்றுலாவிற்கு ஓட்டிய பழைய 'டக்' ஒன்று திடீர்ப்புயலின் அலையில் மூழ்கிப் பதினேழு பேர் இறந்தனர். ஏரி உடைந்து தேங்கிய நீரிலும், சாலை பாதி நீர் பாதியாகக் கிடக்கும் வழியிலுமே இவ்வண்டிக்கு வேலை. கொள்ளிடம் கரைபுரளும்போது திருமானூர், தா.பழூர்ப் பக்கத்துச் சிற்றூர்களின் நிலைமை அதுதான்.

அதற்காக மாவட்டத்திற்கு ஒரு வண்டி வாங்கச் சொல்கிறேனா? இல்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை ஓடும் வண்டியின் ரப்பர் அடைப்புகள் கொட்டகையிலேயே மக்கிவிடும். முதலில் வேண்டியது ஊருக்கு ஊர் வெள்ளக் கரையில் கல் பாவிய சரிவான இறங்குதுறை. வழுக்காத, மேட்டுச் சாலையோடு இணைந்த ஒன்று. அது இருந்தால் பரிசலும் ரப்பர்ப் படகும் ஆள் ஏற்றலாம். அரக்கோணத்திலிருந்து பேரிடர் மீட்புப் படையினர் எதைக் கொண்டுவந்தாலும் இறக்கலாம். மழைக்கு முன்னரே இடம் பார்த்துக் கல் அடுக்க, கோடையில் வற்றிக் கிடக்கும் ஆறு நமக்கு நான்கு மாதம் தருகிறது.