மின்னலைக் கையில் ஏந்தியவன்



மானுட ஆற்றலுக்கு மேற்பட்ட ஓர் ஆற்றல் திடீரென ஒருவன் கைக்கு வந்து சேர்ந்தால், அவன் அதைக்கொண்டு யாது செய்வான்? கேள்வி புதியதன்று. தவஞ்செய்து வரம் பெற்ற அசுரர்கள் பலர் நமது புராணங்களிலே இதற்கு விடையளித்துச் சென்றிருக்கிறார்கள். வரம் கொடுத்தவன் தலையிலேயே கைவைத்துப் பார்க்க விழைந்த பஸ்மாசுரனின் கதையைச் சிறுபராயத்திற் கேளாதவர் நம்மில் எவருமிலர். அந்தக் கதையைக் கேட்கும்போது நாம் திண்ணையில் அமர்ந்திருந்தோம்; வரம் பெற்றவன் வேறொருவனாக இருந்தான். வரத்தைக் கேட்பவன் கையிலேயே ஒப்படைத்துவிட்டு, "இனி நீயே நடத்து" என்று விலகிக்கொள்ளும் கதைமுறை ஒன்று நமது காலத்திலே தோன்றியிருக்கிறது. வீடியோ விளையாட்டு என்று அதனை அழைக்கிறோம்.

அவ்வகை விளையாட்டுக்களுள் ஒன்றை இருமுறை முற்றாக ஆடி முடித்தவன் என்ற உரிமையோடு இன்று பேசுகிறேன். அதன் பெயர் "இன்ஃபேமஸ்". புகழுக்கு மாறான பெயரெடுத்தவன் என்பது அச்சொல்லின் கருத்து. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள சக்கர் பஞ்ச் என்னும் நிறுவனத்தார் ஆக்க, சோனி நிறுவனத்தார் 2009ஆம் ஆண்டிலே பிளேஸ்டேஷன் 3 என்ற கருவிக்காக அதனை வெளியிட்டனர். 2011ஆம் ஆண்டிலே சோனியின் வலையமைப்பினுட் கள்ளர் புகுந்து, அது பல வாரங்கள் மூடப்பட்டிருந்ததை நேயர்களிற் சிலர் நினைவு கூர்வர். மீளத் திறந்தபோது, பொறுத்திருந்தவர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட விளையாட்டுக்களுள் இதுவும் ஒன்று. அதனாலேயே, விலைகொடுத்து வாங்க எண்ணாத பலர் கைக்கும் இது போய்ச் சேர்ந்தது.

கதையின் முடிவை முன்கூட்டி அறிய விரும்பாத அன்பர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். முடிவைத் தொடாமல் இதனைப் பற்றிப் பேசுதல் இயலாது.

எம்பயர் சிற்றி என்பது மூன்று தீவுகளால் அமைந்த ஒரு கற்பனை நகரம். அங்கே கோல் மக்ராத் என்னும் இளைஞன் துவிச்சக்கர வண்டியிற் பொதிகளைக் கொண்டுசென்று கொடுத்துப் பிழைக்கிறான். ஒரு நாள் அவன் சுமந்துசென்ற பொதி வெடிக்கிறது. ஆயிரக்கணக்கானோர் மாள்கின்றனர். வெடிப்பின் நடுவில் நின்ற அவன் மட்டும் பிழைக்கிறான். பிழைத்தெழுந்தபோது அவனுடல் மின்சாரத்தைப் பருகவும் உமிழவும் வல்லதாகிவிடுகிறது. நகரத்திற் கொள்ளைநோய் பரவ, அரசாங்கம் பாலங்களை அடைத்து நகரத்தை வெளியுலகினின்று துண்டித்து விடுகிறது. உள்ளே கள்ளர் கூட்டங்கள் தெருக்களைப் பங்குபோட்டுக் கொள்கின்றன. இந்த இடத்தில்தான் ஆடுபவன் பொறுப்பேற்கிறான்.

"திறந்த உலகம்" என்று இத்தகைய விளையாட்டைக் கூறுவர். ஒழுங்கையொன்றில் நேரே நடத்திச் செல்லாமல், நகரம் முழுவதையும் நமக்கு விட்டுவிடுவதே அதன் இயல்பு. எந்தச் சுவரிலும் ஏறலாம். எந்தக் கூரையிலிருந்தும் குதிக்கலாம். எவ்வளவு உயரத்திலிருந்து வீழ்ந்தாலும் கோலுக்குக் காயமில்லை. மின்கம்பிகளின்மீதும் புகையிரதப் பாதையின்மீதும் அவன் வழுக்கிச் செல்லும் வேகம் உண்மையிலேயே இன்பந்தருவது. கூரைக்குக் கூரை கம்பிகளிலே வழுக்கி, இறுதியில் வெறும் வெளியிற் பாய்ந்து, கைகளிலிருந்து எழும் மின்விசையினால் மிதந்து, அடுத்த தெருவில் இறங்கும்போது, செய்யவேண்டிய காரியத்தை மறந்து திரும்பவும் ஏறத் தோன்றும். நகரமெங்கும் 350 மின்துகள்கள் மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தேடுவதற்கென்றே ஒருவன் பல மாலைப்பொழுதுகளைச் செலவிடுதல் கூடும். நானும் செலவிட்டேன்.

அவனுக்கு மறுக்கப்பட்டவற்றையும் கூறவேண்டும். ஆழமான நீரில் வீழ்ந்தால் மின்சாரம் சிதறி அவன் மாண்டுபோவான். மோட்டார் வண்டியில் அவன் ஏறுவதற்கில்லை, எரிபொருள் தீப்பற்றும். துப்பாக்கியைத் தொடுவதற்கில்லை, வெடிமருந்து வெடிக்கும். ஆற்றல் பெற்றவன் சாதாரண மனிதர் செய்யும் சாதாரண காரியங்களை இழந்துவிட்டான் என்பதனை, சொல்லால் அன்றி ஆட்டத்தின் விதியாலேயே உணர்த்தியிருக்கிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்தது.

மற்றொன்று இருள். கள்ளர் வசமுள்ள பகுதிகளில் மின்சாரம் இராது. மின்சாரமற்ற தெருவிற் கோல் வெறும் மனிதன். உறிஞ்சுவதற்கு ஒரு தெருவிளக்குத்தானும் இல்லை. நிலத்தடிக் கால்வாய்களுள் இறங்கி, அங்குள்ள மின்நிலையத்தை இயக்கி மேலே வந்தால், தெருத் தெருவாக விளக்குகள் எரியத் தொடங்கும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக்களை அனுபவித்த நமக்கு, இந்தக் காட்சியின் சுவையை எவரும் விளக்கவேண்டியதில்லை.

குறைகளும் உள. கோல் எதையும் பற்றிக்கொள்ளும் இயல்புடையவன்; சிலவேளை அளவுக்கு மிஞ்சிப் பற்றிக்கொள்வான். பகைவர் சுடும்போது விரைந்து கீழிறங்க விரும்பினால், வழியிலுள்ள ஒவ்வொரு சன்னல் விளிம்பையும் குழாயையும் அணைத்துக்கொண்டு நிற்பான். எதிரிகளோ கண்ணுக்கெட்டாத தொலைவிலிருந்தும் தவறாது குறிபார்க்கின்றனர். சில்லறைப் பணிகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இரண்டாம் தீவுக்கு வருமுன்னரே, சுவர்களில் ஒட்டப்பட்ட வேவுக்கருவிகளை இன்னுமொருமுறை பிடுங்கவேண்டுமா என்ற சலிப்பு வந்துவிடும்.

இனி, இந்த விளையாட்டு எதற்காகப் பேசப்பட்டதோ அதற்கு வருவோம். நன்மைக்கும் தீமைக்கும் இங்கே ஓர் அளவுகோல் உண்டு. அதற்குக் "கர்மா" என்று நமது பாரதநாட்டுச் சொல்லையே வைத்திருக்கிறார்கள். ஆனால் நாமறிந்த கர்மம் பிறவிகள் கடந்து மெல்ல வந்து பயன்தருவது. இவர்களுடைய கர்மமோ திரையின் மூலையில் முள்போல அசைந்து உடனே கணக்குக் காட்டுவது. நல்வழிச் செல்பவனின் மின்னல் நீலம். தீவழிச் செல்பவனின் மின்னல் சிவப்பு. நல்லவனை மக்கள் போற்றுவர். அவனுக்காகப் பகைவர்மீது கல்லும் எறிவர். தீயவனானாலோ கல் அவன்மீதே விழும்.

கதையின் முக்கிய கட்டங்களில் ஆட்டம் நின்று, கோலின் மனக்குரல் இரு வழிகளையும் எடுத்துரைக்கிறது. முதற் கட்டமே நல்ல கட்டம். பசித்திருக்கும் நகரத்துக்கு வானிலிருந்து போடப்பட்ட உணவு சதுக்கத்துச் சிலையொன்றிற் சிக்கியிருக்கிறது. கோல் ஏறி அதனை வீழ்த்துகிறான். கூட்டம் ஓடிவருகிறது. அவர்கள் பகிர்ந்துகொள்ள விடுவதா, மின்னலை வீசி விரட்டிவிட்டுத் தனக்கும் தன் நண்பர்க்கும் மாத்திரம் எடுத்துக்கொள்வதா? பிறிதோரிடத்தில் ஒரு குழாயின் அடைப்பைத் திருகவேண்டும். திருகுபவன் முகத்தில் நச்சுத் தார் பீறிட்டடிக்கும். தானே திருகலாம், வழியிற் போகும் ஏழையொருவனை மிரட்டித் திருகுவிக்கவுஞ் செய்யலாம்.

இக்கட்டங்களைப் பலர் வியந்து எழுதினர். எனக்கு அத்துணை வியப்பு எழவில்லை. காரணம் கூறுகிறேன். முழு நல்லவனுக்கே உயர்ந்த நல்லாற்றல்கள். முழுத் தீயவனுக்கே உயர்ந்த தீயாற்றல்கள். இடையில் நிற்பவனுக்கு இரண்டும் இல்லை. ஆகவே, ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒருமுறை பக்கம் தீர்மானித்த பின்னர், ஒவ்வொரு கட்டத்திலும் நாம் சிந்திப்பதில்லை; முள்ளை நிரப்புகிறோம். உணவைப் பகிர்ந்தளித்தபோது என் மனத்தில் இருந்தது பசித்தவர் முகமன்று. அடுத்து வரவிருக்கும் ஆற்றல். தானத்தைப் புண்ணியக் கணக்கேட்டிற் பதிவதற்காகவே செய்பவரை நாம் அறியாதவர்களா?

ஆனால் அறிவிப்பின்றி நிகழும் சிறு காரியங்களிலே இந்த விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. நோயாலும் சண்டையாலும் தெருவில் மக்கள் வீழ்ந்து கிடக்கிறார்கள். கோல் குனிந்து அவர்கள் மார்பில் மின்னதிர்வு கொடுத்து எழுப்பலாம். அல்லது அவர்களுடலில் எஞ்சியுள்ள மின்சாரத்தை உறிஞ்சித் தன் காயத்தை ஆற்றிக்கொள்ளலாம். குனியும் அசைவு ஏறக்குறைய ஒன்றுதான். பொத்தான் மாத்திரம் வேறு. முதல்முறை நல்வழியில் ஆடினேன். அளவுகோல் உச்சிக்கு ஏறிவிட்ட பிறகு, எவரை எழுப்பினாலும் அது மேலும் ஏறுவதற்கில்லை. இருந்தும், அவசர வேலையாக ஓடும்போதும் கை தானாகவே நின்றது. இரண்டாம் முறை தீவழியில் ஆடியபோது, உறிஞ்சுவது முதற் சில தடவைகளில் அருவருப்பாக இருந்தது. ஒரு மணிநேரத்தின் பின் அருவருப்பு இல்லை. அதற்குப் பின்னர் தெருவில் ஆள் கிடக்கிறானா என்று தேடத் தொடங்கினேன். விளக்குக்கம்பமும் மனிதனும் என் கண்ணுக்கு ஒரே பொருளாயினர். அந்த மாலை விளையாட்டை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் வெளியே போய் நின்றேன்.

அதே 2009ஆம் ஆண்டில், கனடாவின் வான்கூவர் நகரத்து ராடிக்கல் நிறுவனத்தார் "புரோட்டோடைப்" என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அங்கும் நோய் பரவிய நகரம், அங்கும் ஆற்றல் பெற்ற ஒருவன். அலெக்ஸ் மேர்சர் எனப்படும் அவன் நியூயோர்க்கின் உயர்ந்த மாடங்களின் சுவரில் நிலத்தில் ஓடுவதுபோல் நிமிர்ந்து ஓடுகிறான். வேகத்தில் கோல் அவனுக்கு ஈடல்லன். ஆனால் அங்கே நன்மை தீமை அளவுகோல் கிடையாது. வழிப்போக்கனை விழுங்கினால் உடல் தேறும். விழுங்கப்பட்டவன் உருவமும் கிடைக்கும். சிலரிடமிருந்து நினைவுகளுங் கிடைக்கும். எவரும் கேள்வி கேட்பதில்லை. இரண்டில் எது சிறந்ததென்று அக்காலத்தில் ஆடுவோரிடையே பெரும் வாதம் நடந்தது. ஓடிக் களிப்பதற்குப் புரோட்டோடைப், ஆடி முடித்த பின்னரும் மனத்தில் நிற்பதற்கு இன்ஃபேமஸ் என்பது என் கட்சி.

மனத்தில் நிற்கும் கட்டம் ஒன்று உண்டு. கோலின் காதலி திரிஷ். அவளுடைய தங்கை அந்த வெடிப்பில் மாண்டவள். அதனால் திரிஷ் அவனை வெறுத்து ஒதுங்கி, நோயாளருக்குப் பணிபுரிந்து வருகிறாள். கெஸ்லர் என்னும் பகைவன் அவளை ஒரு மாடத்திலும், ஆறு மருத்துவர்களை வேறொரு மாடத்திலும் தொங்கவிட்டு, ஒரு பக்கத்தையே காக்க இயலும் என்கிறான். முதல்முறை அறுவரைக் காத்தேன்; திரிஷ் வீழ்ந்து மாண்டாள். இரண்டாம் முறை தன்னலமே வழியென்று அவளை நோக்கி ஓடினேன். ஓடிச்சென்று காத்தவள் அவளல்லள். அவள்போல் நிறுத்தப்பட்ட வேறொருத்தி. உண்மையான திரிஷ் மருத்துவர்களோடு தொங்கிக்கொண்டிருந்தாள். இருவழியிலும் அவள் சாகிறாள். வேறுபடுவது அவள் கடைசியாகச் சொல்லும் வார்த்தை மாத்திரமே. நல்வழியில் வந்தவனைப் பெருமிதத்தோடு பார்த்து இறக்கிறாள். மற்றவனை மன்னிக்காமல் இறக்கிறாள்.

எதைத் தெரிந்தாலும் ஒன்றே நடக்குமாயின் தெரிவு எதற்கு என்று சிலர் இதனைக் குறை கூறினர். நான் அவர்களோடு உடன்படவில்லை. விதியை மாற்றும் வலிமை கோலுக்கு அங்கே கிடையாது. அவள் கண்ணில் அவன் யார் என்பது மட்டுமே அவன் கையில் இருந்தது. அதுவும் அந்தக் கணத்தில் அன்று, அதற்கு முன் தெருத் தெருவாக அவன் செய்து வந்தவற்றினால் தீர்ந்துபோயிருந்தது. கெஸ்லர் யார் என்பது இறுதியில் தெரியவருகிறது. அவன் வேறெவனும் அல்லன்; எதிர்காலத்திலிருந்து திரும்பி வந்த கோல்தான். வரவிருக்கும் பேரழிவொன்றை எதிர்நிற்கத் தன் இளமையைத் தானே வதைத்து உறுதிப்படுத்த வந்தவன்.

இதன் இரண்டாம் பாகம் 2011இல் வந்தது. நியூ ஓர்லியன்ஸ் நகரத்தைத் தழுவிய நியூ மரே என்னும் கற்பனை நகரில் அது நிகழ்கிறது. அதன் முடிவிலே, நோயுற்ற கோடிக்கணக்கான மக்களைக் காப்பதற்காகக் கோல் தன்னையும் தன்னைப் போன்ற ஆற்றலுடையோரையும் பலிகொடுக்கலாம். அல்லது ஆற்றலுடையோரைக் காக்க ஏனையோரைச் சாகவிடலாம். பின்னதைத் தெரிந்தால் தன் உயிர்த்தோழன் சீக்கையும் தன் கையாலேயே கொல்லவேண்டும். மூன்றாம் பாகத்தை எங்கிருந்து தொடங்குவது என்று ஆக்கியோர் தீர்மானிக்க வேண்டி வந்தபோது, ஆடியவர்கள் தெரிந்த முடிவுகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். ஆடியவரிற் பெரும்பாலோர் கோலைச் சாகக் கொடுத்திருந்தனர். 2014ஆம் ஆண்டு வெளியான "செக்கன்ட் சன்" என்னும் அந்தப் பாகம் சியாற்றில் நகரத்தில், வேறொரு இளைஞனோடு தொடங்குகிறது. கோல் மாண்டு ஏழாண்டுகள் கழிந்துவிட்டன. அவனை உயிரோடு வைத்திருந்தவர்களின் கதைக்கு மேற்கொண்டு பாகம் எழுதப்படவில்லை.